அவைத் துணைத்தலைவர் முத்துலட்சுமி அம்மையார்

நம் இலக்கிய வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவுறுகின்றன. இப்பத்தாண்டுகளில் வல்வில் ஓரியைப் பாடாத கவியரங்கம் நம்மிடையே நடந்ததில்லை. கொல்லிப்பாவையைப் பாடாத கவிஞர் ஒருவரும் நம்மில் இல்லை. ஆடிப் பதினெட்டன்று செம்மேட்டில் கூடும் கூட்டத்திற்கு ஓரியின் கொடையையும் வில்லாண்மையையும் எடுத்துரைத்த பேச்சாளர்களுள் யானும் ஒருத்தி. ஆயினும் இம்மலருக்கு ஒருவர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு வட்டத்தினர் பணித்தபோது, ஓரியையும் பாவையையும் விடுத்து, நம் மலையில் பெண்களின் வாயில் நாளும் வழங்கும் வேறொரு பெயரைத் தேர்ந்துகொண்டேன். கருவுற்ற பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று பெயர் பதியும்போது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்ற பெயரைக் கேட்கின்றனர். பெயரை அறிவர், பெயருக்கு உரியவரை அறியார். என் மாணவி ஒருத்தி, அவர் அமைச்சராக இருந்தவர் என்று எண்ணியிருந்தாள். அமைச்சராக அவர் இருந்ததில்லை. அவர் அமர்ந்தது வேறொரு நாற்காலி.

அந்த நாற்காலியைப் பற்றி எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், யான் உறுப்பினராக உள்ள வேறோர் அமைப்பில் தலைவர் தேர்தல் வந்தது. என் பெயரைச் சிலர் கூறினர். தகுதியைப் பற்றி எவரும் ஐயம் எழுப்பவில்லை. பெரியவர் ஒருவர், என்பால் மெய்யான அன்புடையவர், ஒரேயொரு கேள்வியை மட்டும் முன்வைத்தார். பெண்ணை நிறுத்தினால் வாக்கு விழுமா என்பதே அது. தமக்கு மறுப்பில்லை என்றும், பிறர் வாக்களிக்கமாட்டார்களே என்பதுதான் தம் கவலை என்றும் விளக்கினார். அங்கிருந்த ஒவ்வொருவரும் அதையே கூறினர். தமக்கு மறுப்பில்லாத பத்துப் பேர் கூடி, அங்கு இல்லாத பிறருடைய மறுப்பை முன்னிட்டு, என்னைத் துணைத்தலைவர் பொறுப்பிற்கு இசையச் செய்தனர். யானும் இசைந்தேன். அன்றிரவு வீடு திரும்பும் வழியில் முத்துலட்சுமி அம்மையாரின் நினைவு வந்தது. அவரும் ஒரு துணைத்தலைவர்தாம்.

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அங்குள்ள மகாராஜா கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபினர். இவ்விரு குலங்களுக்கிடையே நிகழ்ந்த இம்மணத்தைத் தந்தையாரின் சுற்றத்தார் ஏற்கவில்லை. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தின் துயரத்தை நூல்களில் படித்தறிய வேண்டிய நிலையில் அம்மையார் இல்லை. தாய்வழிச் சுற்றத்தில் அது கண்ணெதிரே இருந்தது.

பெண்கள் பூப்பெய்தியபின் பள்ளிக்கு அனுப்பப்படாத காலம் அது. வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறிய முத்துலட்சுமி, 1904இல் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். மாணவர்களின் பெற்றோர் எதிர்த்தனர். ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் ஆடவர் ஒழுக்கம் கெடும் என்பது அவர்களின் அச்சம். அரசராக இருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கி, அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். பின்னாளில் அம்மையார் தம் இல்லம் ஒன்றிற்கு ஔவையின் பெயரைச் சூட்டினார். அதியமானின் தூதாகச் சங்கத் தொண்டைமானின் அவைக்கு ஒரு பெண்பாற் புலவர் சென்றதையும், புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆணையால் ஒரு பெண் கல்லூரிக்குள் நுழைந்ததையும் ஒருசேர நினைத்துப் பார்க்கின்றேன். இரு தொண்டைமான்களும் வேறு வேறு மரபினர் என்பதை அறிந்தே சொல்கின்றேன். இதனை ஆய்வாகக் கொள்ளவேண்டா.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பயின்ற முதற்பெண் அவரே என்று மேடைகளில் கூறப்படுவது பிழை. மேரி ஷார்லிப் போன்றோர் 1870களிலேயே அங்குப் பயின்றுள்ளனர். முதல்வர் என்ற பட்டத்தை வாரி வழங்கும் நம் வழக்கம் அம்மையாருக்குத் தேவையற்றது. பட்டம் பெற்றபின் அரசினர் மகப்பேறு, கண் மருத்துவமனைகளில் அவர் பணியாற்றினார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்துவதற்கும் தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நில்லாமைக்கும் உடன்பட்ட பின்னரே அம்மையார் திருமணத்திற்கு இசைந்தார். அவ்வுடன்பாட்டை அவர் கணவர் இறுதிவரை காத்தார்.

இனி, நம் கேள்விக்கு வருவோம்.

1919ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதை அந்தந்த மாகாண அவையின் முடிவுக்கே விட்டுவிட்டது. சென்னை அவை 1921இலேயே அவ்வுரிமையை வழங்கியது. ஆனால் சொத்தும் வரியும் அளவுகோலாக இருந்த காலத்தில், அந்த அளவுகோலுக்குள் வந்த பெண்கள் மிகச் சிலரே. வாக்களிக்கும் உரிமை வந்தபின்னும் அவையில் அமரும் உரிமை வரவில்லை. அது 1926இல்தான் வாய்த்தது. அவ்வாண்டுத் தேர்தலில் மங்களூரைச் சேர்ந்த கமலாதேவி சட்டோபாத்யாயா துணிந்து நின்றார். பரப்புரைக்குக் கிடைத்த நாள்கள் சில. வாக்காளருள் பெரும்பாலோர் ஆடவர். எனினும் சிறிய வேறுபாட்டில்தான் தோற்றார். சிறிய வேறுபாட்டில் ஓர் ஆண் தோற்றால், அடுத்தமுறை வெல்வார் என்பார்கள். ஒரு பெண் தோற்றபோது, பெண்களால் வெல்ல முடியாது என்பதற்கு அது சான்றாகிவிட்டது.

வாக்குச்சாவடி வழியே பெண் வரவில்லை. ஆகவே நியமனத்தின் வழியே ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்று அடையாற்றில் 1917இல் தொடங்கப்பெற்ற இந்திய மாதர் சங்கத்தினர் அரசை வேண்டினர். அவர்கள் பரிந்துரைத்தது டாக்டர் முத்துலட்சுமியை. மேற்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று, 1926இல் பாரிசில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டு அவர் திரும்பியிருந்த வேளை அது. மருத்துவத் தொழிலை விட்டு அரசியல் மன்றத்தில் அமர அவருக்குத் தயக்கம் இருந்தது. தயங்கியே ஏற்றார். திருவிதாங்கூர் அவைக்கு அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நியமிக்கப்பெற்ற மேரி புன்னன் லூக்கோசும் மருத்துவரே என்பது என் சிந்தையை ஈர்க்கின்றது. மனைவியின் உயிரையும் பிறக்கப்போகும் மகவின் உயிரையும் ஒரு பெண்ணின் கையில் ஒப்படைக்கத் தயங்காத ஆடவர், ஒரு வாக்கை ஒப்படைக்கத் தயங்கினர்.

1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவை கூடியபோது வியப்பொன்று நிகழ்ந்தது. அவைத்தலைவராக சி.வி.எஸ். நரசிம்ம ராஜு இருந்தார். துணைத்தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆடவர் நிறைந்த அந்த அவை, தன்னிடையே இருந்த ஒரே பெண்ணை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. பொதுமக்கள் வாக்களிக்கமாட்டார்கள் என்று கருதப்பட்ட பெண்ணுக்கு, பொதுமக்களின் வாக்கைப் பெற்று வந்தவர்களே வாக்களித்தனர்.

இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அவ்வவையில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. மிகுந்த இடங்களை வென்ற சுயராஜ்யக் கட்சியினர் ஆட்சிப் பொறுப்பேற்க மறுத்துவிட்டனர். நீதிக்கட்சி தோல்வியுற்றிருந்தது. கட்சி சாராத ப. சுப்பராயன் முதலமைச்சரானார். இந்நிலையில், எக்கட்சியையும் சாராத, எவருக்கும் போட்டியாக வளரமாட்டார் என்று கருதத்தக்க ஒருவர் துணைத்தலைவராவது எல்லார்க்கும் எளிதாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. அம்மையார் அவர்கள் எண்ணியவாறு அமைதியாக இருக்கவில்லை என்பது அடுத்த மூன்றாண்டுகளில் தெரிந்தது.

சுப்பராயன் யார் என்பதை நம் மலையினர்க்கு நினைவூட்டவேண்டும். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் அவர். அவர் மனைவியார் ராதாபாய் சுப்பராயன். நம் கேள்விக்கு மிகத் தெளிவான விடை ஒன்றை அக்காலத்தில் கூறியவர் இவ்வம்மையாரே. 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டிற்கு அழைக்கப்பெற்ற இந்தியப் பெண்கள் இருவர். ஒருவர் பேகம் ஷா நவாஸ், மற்றவர் ராதாபாய். இன்றுள்ள மனநிலையில் பெண்களைத் திறந்த போட்டிக்கு விட்டால் அவர்கள் அவைக்கு வந்துசேரமாட்டார்கள். ஆகவே சில காலத்திற்கேனும் இடங்களை ஒதுக்க வேண்டும் என்று அவர்கள் வாதாடினர்.

நாட்டிலிருந்த பெண்கள் அமைப்புகளோ இதை ஏற்கவில்லை. 1931ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லாகூரில் நடந்த அனைத்திந்திய மாதர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் முத்துலட்சுமி அம்மையார். அவ்வாண்டே மூன்று பெரும் மாதர் அமைப்புகள் ஒன்றுகூடி, வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும், பெண்ணென்பதற்காக எச்சலுகையும் வேண்டா என்று கோரின. சரோஜினி நாயுடுவும் முத்துலட்சுமி அம்மையாரும் இந்நிலைப்பாட்டின் பக்கமே நின்றனர். நியமனத்தால் அவைக்குள் வந்தவரே சலுகை வேண்டா என்றது முரணாகத் தோன்றலாம். யான் அவ்வாறு காணவில்லை. சலுகையால் வந்தவர் என்ற சொல்லை மூன்றாண்டுகள் தோளில் சுமந்தவர்க்கு அதன் எடை தெரிந்திருக்கும்.

ஆயினும் இவ்வழக்கில் என் தீர்ப்பு, என் கட்டுரைத் தலைவியின் பக்கம் இல்லை. குமாரமங்கலத்து அம்மையாரின் பக்கம் இருக்கின்றது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைப் பேரவையின் 215 இடங்களில் 8 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அவ்வழி திறந்தபின், 1937இல் தேர்தலில் வென்று வந்த ருக்மிணி லட்சுமிபதி பேரவைத் துணைத்தலைவரானார். 1946இல் அமைச்சரும் ஆனார். ராதாபாயோ 1938இல் தில்லியின் மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண்ணானார். நம் மலைக்கே வருவோம். வளவந்தி நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என நாடுகளாகவே பகுக்கப்பட்ட இக்கொல்லிமலையில் ஊர்ப்பொறுப்பு ஆடவர் கையிலேயே இருந்துவந்தது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி, 1996இல் தேர்தல் நடந்தபோதுதான் பெண்கள் ஊராட்சித் தலைவர்களாகும் வழி பிறந்தது. 2016இல் அது பாதியாக உயர்ந்தது. நின்றால் வெல்வாளா என்ற கேள்வியை அச்சட்டம் கேட்கவே விடவில்லை. நிற்பவர் அனைவரும் பெண்களாக இருக்கும் இடத்தில் அக்கேள்விக்கு வேலையில்லை. பெண் தலைவரின் இருக்கையில் கணவர் அமர்ந்து பேசும் காட்சிகளையும் நாம் கண்டிருக்கின்றோம். அது வேறு கதை.

இவ்வையம் நமக்கே உரியதன்று. அமெரிக்க நாட்டில் விக்டோரியா உட்ஹல் என்ற பெண்மணி 1872இல் குடியரசுத்தலைவர் பதவிக்குப் போட்டியிட முன்வந்தார். அந்நாடு முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1920இல்தான். 2016இல் அங்கு ஹிலாரி கிளிண்டன் எதிர்த்து நின்றவரைவிட 28 லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளை மிகுதியாகப் பெற்றும், மாநிலவாரியான தேர்வாளர் முறையால் தோற்றார். மக்கள் வாக்களிக்கமாட்டார்கள் என்ற கவலைக்கு அங்கு இடமே இல்லை, வாக்களித்தார்கள். ஆயினும் தோல்விக்குப்பின் பேசப்பட்டது பெண்ணால் வெல்ல முடியுமா என்பதே. அருகிலுள்ள இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா 1960இலேயே பிரதமரானார். அவர் மகள் சந்திரிகா 1994இல் 62 விழுக்காட்டு வாக்குகளுடன் குடியரசுத்தலைவராகத் தேர்வுபெற்றார். நம் நாட்டில், முத்துலட்சுமி அம்மையார் பயின்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்ற கேப்டன் லட்சுமி சேகல், 2002இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத்தலைவர் தேர்தலில் நின்றார். வாக்கு மதிப்பில் கலாம் பெற்றது 9,22,884. லட்சுமி பெற்றது 1,07,366. தோற்பது உறுதி என்று அறிந்தே நின்றார். அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 2007இல் பிரதிபா பாட்டீல் வென்றார். 2022இல் சந்தால் பழங்குடியைச் சேர்ந்த திரௌபதி முர்மு வென்றார். பழங்குடி மக்கள் வாழும் இம்மலையில் அச்செய்தியைக் கேட்ட நாளை நாம் மறந்திருக்கமாட்டோம்.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். துணைத்தலைவர் இருக்கை ஓர் அணிகலன் அன்று என்பதை அவர் விரைவிலேயே காட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ ஆய்வு, ஏழைப் பெண்களின் கல்வி, குழந்தைகளுக்கு மருத்துவ வசதி என்று வரவுசெலவு விவாதங்களில் விடாது கேட்டார். பெண்களின் திருமண வயதை உயர்த்தப் போராடினார். 1927 நவம்பரில், கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டுவதை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொணர்ந்தார். 1929இல் அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயிற் பணிக்கென அளிக்கப்பட்ட மானிய நிலங்களை, அப்பணியின் கட்டிலிருந்து விடுவித்து அம்மகளிர்க்கே உரிமையாக்கியது அது. சிறுமியைப் பொட்டுக்கட்டினால்தான் நிலம் நிலைக்கும் என்ற கட்டாயம் அதனால் நீங்கியது. சட்டநுணுக்கம் அறிந்தவர்க்கே இதன் அருமை விளங்கும்.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. மரபின் பெயரால் சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்கள் மறுத்தனர். மறுபுறம், கலையையும் சொத்துரிமையையும் இழக்க விரும்பாத அம்மரபுப் பெண்களே அமைப்பாகத் திரண்டு எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞரும் அவர்களுள் இருந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் அதே மரபிலிருந்து எழுந்து முத்துலட்சுமிக்குத் துணைநின்றனர். ஒரு கொடுமையை ஒழிக்கும் வேகத்தில், தலைமுறை தலைமுறையாக ஆடலையும் இசையையும் காத்த பெண்கள் இழிவுக்குள்ளாயினர் என்று பிற்கால ஆய்வாளர் கூறுவதில் உண்மை உண்டு. ஆயினும் பொட்டுக்கட்டப்பட்டது ஒரு சிறுமி. அவள் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் யான் அம்மையாருடன்தான் நிற்பேன்.

பொட்டுக்கட்டலை முற்றிலும் தடை செய்யும் மசோதாவை 1930 சனவரியில் அவையில் வைத்தார். அவ்வாண்டு மே மாதம் காந்தியடிகள் கைதானார். அதனைக் கண்டித்து அம்மையார் அவையிலிருந்து விலகினார். மசோதா கிடப்பில் விழுந்தது. தம் வாழ்நாட் பணியென்று கருதிய ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது இருக்கையைத் துறப்பது எளிதன்று. தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி ஒன்று அவர்க்கு இருந்திருந்தால், மீண்டும் அங்கே சென்று வாக்குக் கேட்டு அவைக்குத் திரும்பியிருக்கலாம். நியமன உறுப்பினர்க்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. அச்சட்டம் நிறைவேற 1947 வரை பதினேழு ஆண்டுகள் ஆயின.

அவையை விட்டு வந்தவரின் வீட்டுக் கதவைத் தட்டியது சட்டமன்று, சிறுமியர். பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி வந்த அப்பெண்களைச் சாதி கேட்டு விடுதிகள் சேர்க்க மறுத்தன. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து, அடையாற்றில் பள்ளியும் விடுதியுமாக நிலைபெற்றது. 1937இல் சென்னை மாநகராட்சியில் ஆல்டர்மன் என்னும் மூத்த உறுப்பினர் பதவி ஏற்றார். அதுவும் மக்கள் வாக்கால் வருவதன்று. 1954இல் மாநில சமூகநல வாரியத் தலைவரானார். 1956இல் பத்மபூஷண் விருது வந்தது.

அவர்தம் தங்கை ஒருவர் புற்றுநோயால் துன்புற்று, நோய் இன்னதென்று உரிய காலத்தில் அறியப்படாமலே அவர் கண்முன் இறந்தார். அந்தத் துயரம் முப்பதாண்டுகள் அவரை விடவில்லை. வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினார். 1952இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திற்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அது 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. மகன் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். மலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சென்னைக்குப் பேருந்து ஏறி, அந்நிலையத்தில் மருத்துவம் பெற்றுத் திரும்பியவர் நம் ஊர்களிலும் உளர்.

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைய எட்டு நாள்கள் இருக்கும்போது அம்மையார் மறைந்தார்.

யான் மேலே குறிப்பிட்ட அந்த அமைப்பில் வரும் ஐப்பசியில் மீண்டும் தலைவர் தேர்தல் நடக்கவுள்ளது. இம்முறை வேட்புமனுவை வாங்கி, பெயரையும் முகவரியையும் யானே நிரப்பி வைத்திருக்கின்றேன். முன்மொழிபவர், வழிமொழிபவர் என்ற இரு கட்டங்கள் மட்டும் வெறுமையாக உள்ளன. நம் வட்டத்தினர் சிலர் அவ்வமைப்பிலும் உறுப்பினர்கள் என்பதை அறிவேன்.